சீமைக்குப் போன போட்டோ

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு காலத்தில் பாதிக் கூரைதான் இருந்தது. மீதிப் பாதியை ஐப்பசிக் காற்று பிய்த்து, நத்தம் ரோட்டுப் புளியமரங்களில் மாட்டிவிட்டுப் போயிருந்தது. வெயில் ஏற ஏற நாங்கள் நிழலோடு சேர்ந்து நகர்ந்து உட்காருவோம். மதியத்துக்குள் மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே வகுப்பாகிவிடும். மழை வந்தால் விடுமுறை. அப்பாதான் அங்கே தலைமையாசிரியர். இருந்தும், கூரை வரக் கூடாது என்று மாதாவிடம் ரகசியமாக வேண்டிக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

வெள்ளைக்கார அக்கா வந்த பிறகு வேண்டுதலை மாற்றிக்கொண்டேன். அவர் அமெரிக்காவிலிருந்து, இரண்டு வருஷம் சம்பளமில்லாமல் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்யவென்று வந்தவர். திண்டுக்கல்லில் தங்கி, தினமும் காலை பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்களுக்கு நகம் வெட்டுவார், புண்ணுக்கு மருந்து வைப்பார், கைதட்டி இங்கிலீஷ் பாட்டுச் சொல்லித் தருவார். விடுமுறை விட்டால் பாட்டு கிடையாது. அதனால்தான் மாதாவிடம் போய்ப் பேச்சை மாற்ற வேண்டியதாயிற்று.

அக்கா தான் படித்த பள்ளிக்கூடத்துக்கு எங்களைப் பற்றிக் கடிதம் போட்டிருந்தார். அங்குள்ள பிள்ளைகள் காசு சேர்த்து, எங்களுக்கு ஓட்டுக்கூரை போட்டுத் தருவதாக எழுதியிருந்தார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒரு போட்டோதான். பங்குனி மாதத்தில் ஒருநாள் சாயங்காலம், அக்கா அப்பாவிடம் தன் புத்தகத் தமிழில் சொன்னார். அப்பாவின் பையைச் சுமந்தபடி நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஐயா, நாளை காலை புகைப்படம் எடுக்கிறேன். பிள்ளைகள் தினமும் வருவதைப் போலவே வரட்டும். கூரையும் நன்றாகத் தெரிய வேண்டும்."

அப்பா தலையாட்டினார். பிறகு மணியடித்து எல்லோரையும் நிறுத்தி, "நாளைக்கு நம்மளப் போட்டோ பிடிக்கப் போறாங்க. சீமைக்குப் போகுது. ஒருத்தர் விடாம வந்துருங்க" என்றார். அவ்வளவுதான்.

வீட்டுக்குப் போகிற வழியில் நான் விடவில்லை. "அப்பா, தினமும் வர்ற மாதிரி வரணும்னு அக்கா சொன்னாங்களே?"

"வெரசா நட தாயி" என்றார்.

சீமைக்குப் போகிறது என்றால் சும்மாவா? விளக்கு வைப்பதற்குள் சலவைக்காரர் வீட்டு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. டவுன் பெரிய வீடுகளின் வெளுத்த துணியெல்லாம் அவரிடம்தான் மூட்டை மூட்டையாக இருக்கும். கல்யாணம், திருவிழா என்றால் அதிலிருந்து ஒரு பொழுதுக்கு வாங்கி உடுத்திவிட்டு, பத்திரமாகத் திருப்பிக் கொடுப்பது ஊர் வழக்கம். துணிக்குச் சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அது தெரியாது. என் மாமா நிலக்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய்ப் பந்து பந்தாக மல்லிகை வாங்கி வந்தார். அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டு, "இதத் தொலைச்சே, ஒன்னையத் தொலைச்சுப்புடுவேன்" என்றாள்.

மறுநாள் காலை எங்களை நாங்களே அடையாளம் கண்டுகொள்ளச் செத்த நேரம் ஆனது. கோவணத்தோடு ஆடு மேய்த்துவிட்டு அப்படியே வகுப்புக்கு வருகிற ஒரு பையன், யாரோ ஒரு வக்கீலின் கறுப்புக் கோட்டுக்குள் முழங்கால் வரை முழுகி நின்றான். இன்னொருவன் போட்டிருந்த வெள்ளைச் சட்டை எனக்கு நன்றாகத் தெரிந்த சட்டை. "அப்பா, அது ஒங்க..." என்று ஆரம்பித்தேன். அப்பா என் வாயைப் பொத்தினார்.

தாய்மார்களும் கூடவே வந்திருந்தார்கள். "இந்த ஓட்டைக் கூரையவா ஊரு ஒலகத்துக்குக் காட்டுறது?" என்றாள் என் அத்தை. வீட்டிலிருந்து பெரிய சிவப்பு ஜமுக்காளத்தைக் கொண்டுவரச் செய்து, முன்பக்கம் இரண்டு கம்பு நட்டு உயரக் கட்டவைத்தாள். பள்ளிக்கூடம் இருந்த இடமே தெரியவில்லை.

பஸ்ஸிலிருந்து இறங்கிய அக்கா அப்படியே நின்றுவிட்டார். எங்களைப் பார்த்தார், ஜமுக்காளத்தைப் பார்த்தார். பிறகு அப்பாவிடம் வந்து குரலைத் தாழ்த்தி, "ஐயா, இந்தப் படத்தைப் பார்த்தால் யாரும் கூரை கொடுக்க மாட்டார்கள்" என்றார்.

"இருக்கட்டும்மா. இப்பிடியே எடுங்க" என்றார் அப்பா.

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புழுதி என்று நினைத்தேன். வக்கீல் கோட்டுக்காரனிடம் போய்க் கோட்டின் கைகளை அழகாக மடித்துவிட்டார். என் முகத்தில் திட்டுத்திட்டாக இருந்த பவுடரைத் தன் கைக்குட்டையால் சமன்செய்தார். ஜமுக்காளத்தில் தொய்ந்திருந்த ஒரு மூலையையும் அவரே இழுத்துக் கட்டிவிட்டுத்தான் படம் எடுத்தார். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அக்கா அதைத் தமிழாக்கிப் படித்தார். "நீங்கள் எல்லோரும் எவ்வளவு அழகாக இருக்கிறீர்கள்! அன்று உங்கள் ஊரில் என்ன திருவிழா?" என்று கேட்டிருந்தார்கள். சேர்த்த காசை, கஷ்டப்படுகிற வேறொரு ஊர்ப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டார்களாம். எங்களுக்கு ஒரு பெட்டி கலர் பென்சில் வந்தது.

ஊர் ஆண்கள் கூடி மறுபடி தென்னங்கீற்றே வேய்ந்தார்கள். அடுத்த மழைக்கே அது ஒழுகியது. மழை தூற ஆரம்பித்ததும் அப்பா முதலில் வருகைப் பதிவேட்டையும் சுவரில் மாட்டியிருந்த அந்தப் போட்டோவின் இன்னொரு பிரதியையும் எடுத்துக் குடைக்குள் வைத்துக்கொள்வார். அவர் பாதி நனைந்துகொண்டுதான் நிற்பார். அந்தப் பதிவேட்டைத் திறக்காமலே அறுபது பேருடைய பெயரையும் வரிசை தப்பாமல் சொல்லக்கூடியவர் அவர்.

அப்படி ஒரு மழை நாளில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா சொன்னத நீங்க மறக்காமச் சொல்லியிருந்தா நமக்கு ஓடு வந்திருக்கும்ல?" என்று சண்டைக்கு நின்றேன்.

அப்பா குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார். "ஆமா தாயி. மறந்துட்டேன்" என்றார்.

அந்த வருஷம் முழுக்க அவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் நான் வாசலை மறித்துக்கொண்டு, "இன்னைக்காச்சும் எதையும் மறக்கலையே?" என்று பெரிய மனுஷியாகக் கேட்டேன். அவர் ஒருநாள்கூடக் கோபித்துக்கொள்ளாமல், "இல்ல தாயி, எல்லாம் ஞாபகம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.