உப்புக் காலும் ஜன்னலோர சீட்டும்

போன திங்கட்கிழமை மதியம் எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் கையில் போனோடு நின்றுகொண்டிருந்தேன். போட்டோ எடுக்க. எதை? என் அம்மா டவுன் பஸ்ஸிலிருந்து இறங்குவதை!

சிரிக்காதீர்கள். காரணம் இருக்கிறது.

அம்மா மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிறாள். விடியலில் போனால் மதியம்தான் திரும்புவாள். அத்தனை நேரமும் உப்புத் தண்ணீரில் வெறுங்கால். பஸ் ஏறும்போது முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அந்தக் காலோடு அவளும் அவளோடு வேலை செய்யும் பெண்களும் உட்கார மாட்டார்கள். பின்வாசல் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்... சீட் காலியாக இருந்தாலும்.

அப்படி ஓர் உத்தரவு எந்த போர்டிலும் இல்லை. உப்பு பட்டால் தகரம் துருப்பிடிக்கும், பக்கத்தில் இருப்பவர் துணி பாழாகும் என்று எப்போதோ யாரோ முணுமுணுத்திருப்பார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. உத்தரவு என்றால் எதிர்த்துக் கேட்கலாம். வழக்கத்தை யாரிடம் போய்க் கேட்பது?

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு — இந்தப் பத்தியில் வாரா வாரம் சொல்லிவிடுகிறேனே, உங்களுக்கே தெரியும். ஆனால், பள்ளி நாட்களில் சனிக்கிழமை அரைநாள் முடிந்து அதே பஸ்ஸில் வரும்போது யூனிஃபார்ம் போட்ட நான் உட்கார்ந்திருப்பேன். அம்மா நின்றுகொண்டு வருவாள்.

சில மாதங்களுக்கு முன், டவுன் பஸ் சேவையை எப்படி மேம்படுத்தலாம் என்று மரக்காணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போக்குவரத்து அதிகாரிகள் மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். நம்மையும் கேட்கிறார்களே! எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அம்மாவையும் இழுத்துக்கொண்டு போனேன்.

வழியிலேயே அம்மா எச்சரித்தாள். "பஸ்ஸு நேரத்துக்கு வரணும்னு கேளு, போதும். நாங்க நிக்கிற கதையெல்லாம் அங்க எடுக்காத. மானம் போவும்."

மண்டபம் நிறைந்திருந்தது. ஒருவர் கூடுதல் நடை கேட்டார். ஒரு கல்லூரி மாணவர், பஸ் எங்கே வருகிறது என்று போனில் தெரிய வேண்டும் என்றார். எல்லாம் நியாயம்தான். மைக் என்னிடம் வந்தது. நானும் பஸ் நேரத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். தற்செயலாக அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். கடைசி வரிசையில், நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். தேய்த்துக் கழுவிவிட்டு வந்த காலைப் புடவைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டு.

மானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

"சார், உப்பளத்து ஸ்டாப்புல ஒரு தண்ணிக் குழாய் வேணுங்க. கால் கழுவிட்டு ஏறினா எங்கம்மா உக்காந்து வருவாங்க."

அதிகாரி தன்மையாகத்தான் பதில் சொன்னார். இது பஸ்ஸுக்கான கூட்டம், தண்ணீருக்கு வேறு துறை இருக்கிறது என்றார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம் அல்லவா? அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல்: "ஓசி டிக்கெட்டுக்கு சீட்டு வேற கேக்குதா?"

பாதி மண்டபம் சிரித்தது. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் மைக்கைக் கீழே வைத்துவிட்டேன். பேசியே இருக்கக் கூடாதோ?

அம்மாவோடு வேலை செய்யும் ராணி அக்கா எழுந்தார். மைக்கெல்லாம் அவருக்குத் தேவையில்லை. "ஓசின்னு சொன்னது யாருப்பா? ஒரே ஒரு நாள் உப்பு இல்லாம சோறு துன்னுட்டு வந்து பேசு."

இப்போது முழு மண்டபமும் சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எழுந்தவர் யார் தெரியுமா? எங்கள் ரூட் கண்டக்டர்!

"பஸ் தரையப் பாத்துட்டு டிப்போவுல என்னத்தான் திட்றாங்க சார். இவங்கள உக்காருங்கன்னு சொல்லவும் முடியல, நிக்கிறதப் பாக்கவும் முடியல. அந்தக் குழாயப் போட்டுக் குடுங்க சார், புண்ணியமாப் போவும்."

அதிகாரி பேனாவை எடுத்தார். எந்தத் துறை எந்தத் துறையோடு பேசியதோ தெரியாது. போன வாரம் உப்பளத்து ஸ்டாப்பில் ஒரு கறுப்புத் தொட்டி வந்து உட்கார்ந்துவிட்டது. அடியில் இரண்டு குழாய்!

அதனால்தான் திங்கட்கிழமையும் லீவு போட்டுவிட்டுப் போனோடு நின்றேன்.

பஸ் வந்தது. ராணி அக்கா இறங்கினார், சுத்தமான காலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். மற்றவர்களும் இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை. பதறிப்போய் ஜன்னல் ஜன்னலாகத் தேடினேன்.

மூன்றாவது ஜன்னலில் இருந்தாள். கம்பியில் தலை சாய்த்து, வாய் லேசாகத் திறந்து... நல்ல தூக்கம்.

"எழுப்பட்டுமாம்மா?" என்றார் கண்டக்டர்.

"வேணாம்ண்ணே," என்று நானும் ஏறிக்கொண்டேன். போட்டோ எடுக்க மறந்தே போனது. அனுமந்தை தாண்டியது. கடல் காற்று முகத்தில் அடித்தும் அவள் கண் திறக்கவில்லை. பஸ் திரும்புகிற கீழ்புத்துப்பட்டில்தான் விழித்தாள். மலங்க மலங்கப் பார்த்துவிட்டு ஆரம்பித்தாள்.

"ஏன்டி, எழுப்பக் கூடாதா? வூட்டுல ஒல வைக்க வேணாமா? படிச்ச புள்ளையாடி நீ?"

அதே பஸ்தான் திரும்பிப் போக வேண்டும். டீ குடித்துவிட்டு வருவதற்குள் கூட்டம் ஏறிவிட்டது. ஒரே ஒரு ஜன்னலோர சீட்தான் மிச்சம். யாரும் உட்காரச் சொல்லவில்லை... என்னை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு விறுவிறுவென்று போய் அதில் உட்கார்ந்தாள் அம்மா.

ஊர் வரைக்கும் நான்தான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வந்தேன்!