காரில் எனக்கிருந்த இடம்

ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன் என்றாலும், அந்த நாட்களில் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை ஒழுங்கையிலிருந்து காரில் பள்ளிக்கூடம் போன ஒரே பிள்ளை நான்தான். என்னை வைத்திருந்து படிப்பித்த மாமா பெரிய அப்புக்காத்து. கோட்டில் வழக்காடிக்கொண்டிருந்தவர் தேர்தலில் வென்று பாராளுமன்றம் போகத் தொடங்கிய பிறகும், வழியில் என்னை இறக்கிவிட மறந்ததில்லை.

எம்.பி. ஆனதும் வீட்டுக்குத் தொலைபேசி வந்தது. எனக்கோ ஆட்களோடு கதைக்கக் கூச்சம். ஒருநாள் பின்னேரம் மாமி குளிக்கப் போயிருந்தபோது மணி விடாமல் அடித்தது. எடுத்தேன்.

“எம்.பி. ஐயா நிக்கிறாரோ, பிள்ளை?” கனிவான குரல்.

“மாமா இன்னும் வரேல்லை.”

“காலமை எத்தினை மணிக்கு வெளிக்கிடுறவர்?”

“ஏழரைக்கு.”

“கார்ல எங்க இருக்கிறவர்?”

“பின்னுக்கு. நான் பக்கத்தில.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வைத்துவிட்டார்.

ஒருவர் என்னோடு இவ்வளவு அன்பாகக் கதைத்தாரே என்ற சந்தோஷத்தில் மாமியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். மாமிக்கு முகம் வெளிறிவிட்டது.

“விசரி! கேக்கிறவனுக்கெல்லாம் சொல்லுறதே? எம்.பி.மாரைச் சுடுற காலம், மாமாவையும் சுட்டுப்போடுவாங்களடி!”

அதன்பிறகு காலி வீதியில் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் யன்னலடிக்கு ஓடினேன். கார் வந்தபோது கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமா என்னைக் கூப்பிட்டு, சாட்சியை விசாரிப்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். இளம் குரலா, பேர் சொன்னாரா, நீயும் வருவாய் என்று சொன்னாயா? கடைசிக் கேள்விக்குத்தான் ஓம் என்றேன். என் தலையைத் தடவிச் சிரித்தார்.

“தெரிஞ்ச ஆளாத்தான் இருக்கும். பயப்பிடாத.”

“கோட்டுக்குப் போன காலத்தில பயந்தவன் எங்களைத் தேடி வந்தான்,” என்றார் மாமி. “இப்ப பாருங்கோ, நாங்கள் ஆரிட்டப் போறது?”

மறுநாள் காலை புத்தகங்களோடு கார்க்கதவைத் திறக்கப் போனேன். மாமா கையை நீட்டி மறித்தார்.

“இண்டையில இருந்து மாமியோட நடந்து போ.” என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கமான இடத்தில் ஏறி இருந்தார். கார் போய்விட்டது.

பின்னேரம் அவர் பத்திரமாகத் திரும்பி வந்தார். அடுத்த நாளும் வந்தார். ஒவ்வொரு நாளும் வந்தார். என்னை மட்டும் அவர் காரில் ஏற்றவேயில்லை. வாயைத் திறந்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று, அந்த வருடம் முழுக்க நான் அவரோடு கதைக்கவில்லை.