வரேன் என்று சொல்லக்கூடாத வீடு

எனக்கு வாய் அதிகம். புதுப்பட்டினத்தில் என் தையல் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் ரவிக்கைக்கு வருவதில்லை, பேச்சுக்குத்தான் வருகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். புயலில் ஆளை இழந்த வீடுகளுக்குப் போய் மனத்துணையாக இருக்க மகளிர் குழுவிலிருந்து ஒருவர் வேண்டும் என்றபோது, எல்லாரும் சொல்லி வைத்தாற்போல என்னைக் கைகாட்டினார்கள்.

செங்கல்பட்டில் இரண்டு நாள் பயிற்சி. பாடம் எடுத்தது என் மகள் வயதுப் பெண். சொல்லக்கூடாதவை என்று பலகையில் எழுதிக்கொண்டே போனாள். அழாதே. எல்லாம் விதி. மனசைத் தேத்திக்கோ. உனக்காவது பரவாயில்லை, அடுத்த வீட்டில் ரெண்டு பேர் போயிட்டாங்க. துக்க வீடுகளில் இத்தனை வருஷமாக நான் பேசியது முழுக்க அந்தப் பலகையில் இருந்தது.

“அப்ப வாயை எதுக்கும்மா கடவுள் குடுத்தான்?” என்று கேட்டேன். கூடமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

“பக்கத்துல உக்காருங்கக்கா, போதும். அவங்க பேசினா கேளுங்க. உசுரை விட்டுடலாம்னு நினைக்கிறாங்களோன்னு சந்தேகம் வந்தா, சுத்தி வளைக்காம நேரா கேட்டுடுங்க. நீங்க கேக்கறதால புதுசா அப்படி ஒரு நினைப்பு வந்துடாது. ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு வாங்க.”

சீ, இதையெல்லாம் யாராவது வாயால் கேட்பார்களா என்று மனசுக்குள் அவளைத் திட்டினேன்.

எனக்குக் கொடுத்த வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் இருந்தது. படகு கவிழ்ந்து புருஷன் போய்விட்டான். உடம்பு மறுநாள் கரை ஒதுங்கியது. பெண்டாட்டிக்கு முப்பது வயசு கூட இருக்காது, குழந்தையும் இல்லை. அவனுடைய அக்காதான் கூட இருந்தாள். நான் செருப்பைக் கழற்றும்போதே அந்த நாத்தனார் என்னை ஓரமாக இழுத்துப்போய்ச் சொன்னாள்: “நேத்து இடுப்பளவு தண்ணியில போய் நின்னுகினு இருந்தா. இஸ்துகினு வந்தோம். அப்பலேர்ந்து இவ மேலேர்ந்து கண்ண எடுக்க முடியல யக்கா.”

மூன்று நாள் போனேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அழுகையும் இல்லை, பேச்சும் இல்லை. நானும் பேசவில்லை. ஐயோ, அந்த மூன்று நாள் என் நாக்கு பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்! கஞ்சி வந்தால் அவள் பக்கம் நகர்த்துவேன். ரெண்டு வாய் குடிப்பாள். கிளம்பும்போது எல்லாரையும் போல நானும் சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுவேன். சாவு வீட்டில் போய்ட்டு வரேன் என்று யார் சொல்வார்கள்? சொன்னால் சாவும் நம்மோடு திரும்ப வரும் என்பது தெரியாதா என்ன!

நான்காம் நாள் அப்படி எழுந்து படியிறங்கியபோது பின்னால் குரல் கேட்டது. அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டேன்.

“நீயும் சொல்லாம போறியா யக்கா? வர்றவங்க எல்லாம் சொல்லாமத்தான் போறாங்க. அவரும் சொல்லாமத்தான் போனாரு.”

திரும்பிப் போய் அவள் எதிரில் குனிந்து, “போய்ட்டு வரேம்மா. வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவேன்” என்று சொன்னேன்.

துக்கம் கேட்க வந்து உட்கார்ந்திருந்த பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள். “இன்னா பொம்பள நீ! சாவு வூட்ல வந்து வரேன்னு சொல்ற!”

“சொன்னது என் வாய்தானே, வந்தா என் வூட்டுக்குத்தானே வரும்!” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னேனே தவிர, பயமாகத்தான் இருந்தது. என் மகன் தினமும் ஈசிஆர் ரோட்டில் வண்டியில் போகிறவன். வியாழக்கிழமை வரை ஒவ்வொரு நாளும் அவன் வீடு திரும்பும் சத்தம் கேட்கிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை பார்த்துத்தான் பஸ் பஞ்சர் ஆக வேண்டுமா? மாற்று பஸ் வருவதற்குள் மணி பதினொன்று. நாத்தனாருக்குப் போன் போட்டேன், போட்டுக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை. நான் கும்பிடாத சாமி இல்லை.

குப்பத்து ஸ்டாப்பில் இறங்கினால், ரோட்டோரம் அவள் நிற்கிறாள். காரியம்கூட முடியவில்லை, வாசல் தாண்டக்கூடாதவள், வெறுங்காலோடு அந்த வெயிலில் நிற்கிறாள். நாத்தனார் பின்னாலேயே தலைவிரிகோலமாக ஓடி வருகிறாள்.

எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. “சாவணும்னு தோணுதாம்மா உனக்கு?” என்று கேட்டேன்.

“ஐயோ, இன்னா கேக்குற நீ!” என்று நாத்தனார் கத்தினாள்.

“தெனமும் தோணுது யக்கா” என்றாள் அவள், ஏதோ விலை சொல்வதுபோல. “இன்னிக்கு நீ வரேன்னு சொன்னியேன்னு உக்காந்துகினு இருந்தேன். பத்து ஆச்சு, வர்ல. கடல் பக்கம் போலாமா, ரோட்டுப் பக்கம் போலாமான்னு நின்னேன். சரி, ஒருவாட்டி ரோட்டப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

அவள் கையைப் பிடித்தேன், அதற்கப்புறம் விடவில்லை. செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றதும் நாத்தனார் தயங்கினாள். காரியத்துக்கு முன்னால் பஸ் ஏறினால் ஊர் என்ன பேசும்?

“ஒரு காரியம் பண்றது போதாதா? இவளுக்கும் சேர்த்துப் பண்ணணுமா?” என்று சீறினேன். கொடுமையான பேச்சுதான். ஆனால் நாத்தனார் எங்களுக்கு முன்னால் ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.

மாமல்லபுரத்தில் செங்கல்பட்டு பஸ் பிடித்தோம். அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். நாத்தனார் முன் சீட்டில். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் அவள் என் காதருகே சாய்ந்து மெதுவாகச் சொன்னாள்.

“அவரு சொல்லாம போனாருன்னு சொன்னேனே யக்கா, அது பொய்யி. முந்தின நாளு எனக்கும் அவருக்கும் சண்ட. விடிகாலைல எழுந்து, ரெண்டுவாட்டி கூப்ட்டாரு. தூங்கற மாதிரி படுத்துகினு இருந்தேன். போய்ட்டு வரேன்டீன்னாரு. அப்பவும் நான் கண்ணத் தொறக்கல.”