அக்கா தோற்ற இரண்டு சோதனைகள்

என் அலுமாரியில் ஒரு சிவப்பு ஸ்டெதஸ்கோப் தொங்குகிறது. நான் அதைப் பாவிப்பதில்லை. ஜேர்மனியில், வுப்பர்டாலில் நாங்கள் ஒரே வார்டில் வேலை செய்த காலத்தில் அது அக்காவின் கைப்பையில் கிடந்தது. சொந்த அக்கா அல்ல, வேலையிடத்து அக்கா. யாழ்ப்பாணத்தில் பிறந்து, அமெரிக்காவில் தாதியியலில் கலாநிதிப் பட்டம் எடுத்து, தானே நோயாளியைச் சோதித்துத் தானே மருந்தும் எழுதிக் கொடுத்தவர். கலியாணம் முடித்து இங்கே வந்ததும் உதவியாளராக்கிப் படுக்கை விரிக்க விட்டார்கள். தாதியாக வேண்டுமென்றால் செய்முறைச் சோதனை ஒன்றில் தேற வேண்டும். தவறினால் இன்னும் ஒரே ஒரு முறை. அதற்குமேல் கதவு பூட்டு.

எங்கள் தேநீர் அறை இதனால் இரண்டு கட்சியானது. கலாநிதிக்கு என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது என்று ஒரு கட்சி, பட்டம் வந்து நோயாளியைக் கழுவுமோ என்று மற்றது. நான் முதல் கட்சியில் நின்று தொண்டை வற்றக் கத்தினேன். அக்கா இரண்டிலும் சேரவில்லை.

"சோதனை வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை, தங்கச்சி. நான் செய்த வேலையிலை வைச்சுச் சோதிக்கட்டும் எண்டுதான் கேக்கிறன்" என்பார். அந்த வேலைக்கு இங்கே சோதனையே இருக்கவில்லை.

முதல் முறை ஒரு கிழவியைக் கழுவி உடுத்திவிடச் சொன்னார்கள். முதுகைத் துடைக்கும்போது மூச்சில் ஏதோ பிடிபட, பழக்கதோஷத்தில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டு, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, மருந்தைக் கூட்டவேண்டும் என்று கிழவியிடமே சொல்லிவிட்டார். அது வைத்தியர் சொல்லவேண்டியது. எல்லை மீறினார் என்று தோற்கடித்தார்கள்.

இரண்டாம் முறை போகுமுன் ஸ்டெதஸ்கோப்பை என்னிடம் தந்தார். "இது கிட்ட இருந்தால் என்ரை கை சும்மா இராது." அன்று கிடைத்த முதியவருக்கும் மூச்சு வாங்கியது. அக்கா கண்டார். வாயை இறுக மூடிக்கொண்டு கால்வரை துடைத்து முடித்தார். கண்டும் வைத்தியருக்கு அறிவிக்கவில்லை என்று அதிலும் தோல்வி. "சொன்னாலும் பிழையாக்கும் எண்டு நினைச்சன்" என்று வந்து சொன்னார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சோதித்தவர்களைத் திட்டலாமென்றால், அவர்கள் சொன்னதும் சரிதான். எனக்கு இன்றுவரை ஆறாதது அதுதான்.

இப்போது மேற்படிப்புப் படித்த தாதியருக்கு என்ன சோதனை வைக்கலாம் என்று கூட்டம் கூட்டிப் பேசுகிறார்கள். நானும் போய்க் குந்தியிருந்து தலையாட்டுகிறேன். போன மாதம் அப்படியொரு கூட்டம் முடிந்த கையோடு, அக்கா உதவியாளராக இருக்கும் முதியோர் இல்லத்துக்கு ஸ்டெதஸ்கோப்பைக் கொண்டு போனேன்.

"இந்தாங்கோ அக்கா. காலம் மாறுது."

"எனக்கு ஏலாது. என்ரை ரெண்டு தரமும் முடிஞ்சுது."

அவர் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்த கிழவர் இருமினார். அக்காவின் தலை தன்பாட்டில் அவர் நெஞ்சுப் பக்கம் சரிந்தது. கண்கள் கூர்ந்தன. பழைய அக்காவை ஒரு கணம் கண்டேன்.

"என்ன கேட்டது அக்கா?"

நிமிர்ந்து, கிழவரின் கோப்பையில் சீனியைப் போட்டுக் கலக்கினார்.

"எனக்கு இப்ப ஒண்டும் கேக்கிறேல்லை, தங்கச்சி."

ஸ்டெதஸ்கோப்பைத் திரும்பக் கொண்டுவந்து அலுமாரியில் கொழுவினேன்.