மாட்டுப் பொங்கலன்று திறந்திருந்த கோர்ட்

நான் வக்கீல் இல்லை. புனே மகர்பட்டாவில் மென்பொருள் கம்பெனி வேலை. சனிக்கிழமைகளில் ஒரு சட்டக் கல்லூரிக்குப் போய், வக்கீல் தொழிலுக்கு உதவும் மென்பொருள் செய்வது எப்படி என்று மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஏழைகளுக்கு இலவசமாக வழக்கு நடத்தும் மையம் ஒன்று அந்தக் கல்லூரியில் உண்டு. அதன் வக்கீலம்மா கெடு தேதிகளை டைரியில் எழுதுவதைப் பார்த்து, "இன்னுமா மேடம் டைரி?" என்று மாணவர்கள் முன்னாலேயே கேட்டேன். அவர் சிரித்தார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

மாணவர்களோடு சேர்ந்து அதற்கு ஒரு மென்பொருள் செய்தோம். தீர்ப்புத் தேதியைக் கொடுத்தால், மேல்முறையீடு செய்யக் கடைசி நாள் எது என்று அது சொல்லும். அந்த நாள் கோர்ட் விடுமுறையாக இருந்தால் அடுத்து திறக்கும் நாளைக் காட்டும். விடுமுறைப் பட்டியலைத் தட்டச்சு செய்ய மாணவர்கள் ஒரு வாரம் கேட்டார்கள். "இதுக்குப் போய் ஒரு வாரமா?" என்று கத்திவிட்டு, சோதனைக்கு இருக்கட்டும் என என் மடிக்கணினியில் இருந்த பட்டியலை நானே ஏற்றினேன். பிறகு மாற்ற மறந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம் மூணு மணிக்கு, இலை போட்டு உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது. புனே வானவடியில் வளர்ந்த, தமிழ் ராணுவக் குடும்பத்துப் பெண், என் மாணவி. தமிழை யோசித்து யோசித்து, மராத்தி கலந்து பேசுவாள்.

"சார், இன்னிக்கு கோர்ட் பந்தா, லீவா? நம்ம மெஷின் பந்த்னு காட்டுது. நான் வேற வேலையா கோர்ட்டுக்கு வந்தேன். இங்க எல்லாம் சாலூ, திறந்துதான் இருக்கு சார்."

எங்கள் கம்பெனிக்குத் தலைமை அலுவலகம் சென்னை. நான் ஏற்றியது கம்பெனி லீவுப் பட்டியல்! புனே கோர்ட்டுக்கு ஏது மாட்டுப் பொங்கல்?

"இன்னிக்குக் கெடு யாருக்காவது இருக்கா?"

"ஆகுர்டி அக்காவுக்கு சார். நாளைக்குன்னு மெஷின் சொல்லிச்சு. நாளைக்குக் காலைல கையெழுத்து போட வரச் சொல்லிருக்கோம்."

ஆகுர்டியில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்யும் விதவை அவர். இரண்டு பெண் குழந்தைகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். காலி செய்யச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது. இன்று மேல்முறையீடு போடாவிட்டால், தாமதத்துக்குத் தனியாக மன்னிப்பு மனு போட்டு நீதிபதி முன் கெஞ்ச வேண்டும். அதற்குள் வீட்டுக்காரர் ஆளோடு வந்து சாமானை வெளியே வைத்துவிடலாம்.

"ஏனுங்க, இலையில உக்காந்துட்டு எந்திரிக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் சிக்னலைத் திட்டினேன். திட்ட வேண்டியது யாரை என்று தெரிந்தேதான் திட்டினேன்.

கோர்ட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது வக்கீலம்மா மனுவை அச்சடித்துக் கட்டி வைத்திருந்தார். தொழிற்சாலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாதாம். மாணவி அங்கே வாசல் காவலாளிக்குப் போன் போட்டு மராத்தியில் மன்றாடி, அந்தம்மாவை வெளியே வரவழைத்திருந்தாள். அவர் லோக்கல் ரயிலில் வந்துகொண்டிருந்தார். நாலரைக்கு மனு வாங்கும் ஜன்னலை மூடிவிடுவார்கள். மணி நாலு.

மாணவி என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். "சார், இன்னிக்கு எங்க வீட்லயும் பொங்கல். அதான் மெஷின்ல இருக்கிறது யாரோட லீவு லிஸ்ட்னு எனக்குப் புரிஞ்சிது. மேடம்கிட்ட சாஃப்ட்வேர்ல ஏதோ பிராப்ளம்னு மட்டும் சொன்னேன்."

என்னைக் காப்பாற்றுகிறாளாம். அவமானத்தில் காது சுட்டது. அப்போதே வக்கீலம்மாவிடம் போய், "மென்பொருள் மேல தப்பில்ல மேடம், பட்டியல் என்னோடது" என்றேன். அவர் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இப்ப வேண்டாம்" என்றார்.

நாலு பதினெட்டுக்குத் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தார் அந்தம்மா. கையெழுத்துப் போட்டார். ஜன்னலில் இருந்தவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அடப்பாவி, சீக்கிரம் ஆகட்டும் என்று பல்லைக் கடித்தேன். நாலரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது முத்திரை விழுந்தது. மாணவி அழுதேவிட்டாள்.

அந்தம்மா கைப்பையிலிருந்து எள்ளுருண்டை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். சங்கராந்திக்கு மராத்திக்காரர்கள் வழக்கம் அது. வாங்கிக்கொண்டு இனிமையாகப் பேச வேண்டும். என் கையில் வைத்து, "மெஷின் சார், உங்க புண்ணியம்" என்று மராத்தியில் சொன்னார். இதற்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை. எனக்குத் தெரிந்த ஓட்டை மராத்தியில் முழுவதையும் சொன்னேன். என் கம்பெனி லீவு, என் அவசரம், என் தப்பு.

அவர் கோபப்படவில்லை. கைப்பையை மூடினார்.

"அப்ப இந்தப் பொண்ணு இன்னிக்கு இங்க வரலைன்னா, நான் நாளைக்குக் காலைல குளிச்சு, நல்ல புடவையா கட்டிட்டு, நேரத்துக்கு வந்து நின்னிருப்பேன். இல்லையா?"

"ஆமாம்" என்றேன்.