கம்பிக்கடியில் பத்துக் காடை

அப்பா நடந்தார். சாஹித்யா நான்கடி பின்னால் நடந்தாள். எதையும் காட்டிக்கொடுக்கக் கூடாது, அதுதான் விதி.

சிவஞானம் ரயில்வேயில் ஸ்டோர் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஏரிக்கரை மின்கம்பிகளில் மோதிச் செத்து விழும் பறவைகளைத் தேடி எண்ணும் வேலையை ஏற்றிருந்தார். மனைவி போன பிறகு, மௌலா அலி பகுதி வீட்டிலிருந்து அவரை வெளியே கொண்டுவந்தது அந்த நடைதான். அந்தக் கணக்கெடுப்பின் புள்ளிவிவரத்தைப் பார்ப்பவள் மகள்.

அன்று சோதனை. தேடுபவர் கண்ணுக்கு எத்தனை தப்புகிறது என்று தெரியாமல் மொத்தச் சாவை மதிப்பிட முடியாது. அதற்காக, செத்த காடைகள் பத்தை இறகோடு வாங்கிப் புல்லில் அங்கங்கே போட்டிருந்தாள். பாதிகூடக் காணாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

முதல் காடையை எடுத்தார். இரண்டாவதையும் எடுத்தார். மூன்றாவது அவர் செருப்புக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது. தாண்டிப் போனார். அடுத்ததையும் தாண்டினார். ஐந்தாவதன் அருகே சாஹித்யா இருமினாள்.

அவர் நின்றார். குனிந்து, புல்லைக் கையால் தடவி எடுத்தார்.

"தொண்டையில என்ன?"

"ஒண்ணுமில்லப்பா. டஸ்ட்."

"ஏரிக்கரையில டஸ்டா? எனக்கு இது வேணாம், நக்கோ." காடையை மறுபடி புல்லில் வைத்தார்.

"அப்பா, ஃபெயிலானா உங்கள எடுத்துடுவாங்க."

"ஹவ், ஆமா, தெரியும். கண்ணு மங்கி ரொம்ப நாளாச்சு. நான் பாக்காம விட்டதெல்லாம் சாகலைன்னு ஆயிடுமா? இன்னொரு தரம் இருமினே, வீட்டுக்குப் போயிடுவேன்."

மீதித் தூரம் துப்பட்டாவை வாயில் அழுத்தியபடி நடந்தாள். மீதி எல்லாவற்றையும் அவர் தாண்டினார்.

பாதை முடிவில், கணக்கெடுப்பை நடத்தும் ராகவேந்திரா ஜீப்போடு காத்திருந்தான். "எத்தனை அங்கிள்?"

"ரெண்டு."

அவன் சாஹித்யாவைப் பார்த்தான். "ரெண்டுதான்," என்றாள்.

அந்த விகிதப்படி, அதுவரை அவர் கண்டெடுத்த ஒவ்வொரு செத்த நாரைக்கும் காணாத நான்கு இருந்தன. மதிப்பீடு ஐந்து மடங்கானது. அந்த எண்ணைப் பார்த்து மின்வாரியத்தார், கம்பிகள் பறவைகளின் கண்ணில் படும்படி வட்டத் தகடுகளை மாட்டினார்கள். நடக்க வேறு ஆள் வந்தான்.

அந்த மழைக்காலத்தைச் சிவஞானம் தாண்டவில்லை. அதற்கு முன் ஒரு மாலை அவரை ஏரிக்குக் கூட்டிப் போனாள். அண்ணாந்து பார்த்தார். அவருக்கு வானம் மட்டுமே தெரிந்தது.

"எத்தனை மாட்டியிருக்கான்? இருமாம சொல்லு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பியின் இந்த முனையிலிருந்து சத்தமாக எண்ண ஆரம்பித்தாள்.