காது துரையின் சோதனையும் மூக்கம்மாவின் இடது காதும்

கரடிப்பள்ளம் எஸ்டேட்டில் மூக்கம்மா ஜெயித்தவற்றைச் சொல்லத் தொடங்கினால் முதலில் உயிரைத்தான் சொல்ல வேண்டும். அதை அவள் ஒரு டாக்டரின் புஸ்தகத்தோடு மல்லுக்கட்டி ஜெயித்தாள். அடுத்தது, இடது காதில் கேட்கும் சக்தி, பாதி மட்டும். மேஸ்திரி கத்துவது மட்டும் விழாத பாதி அது என்று அவள் சொல்வாள். அப்புறம், ஆண்கள் மட்டுமே பிடித்திருந்த மேஸ்திரிப் பிரம்பு. பொம்பளைக் குரல் சரிவுக்கு அந்தப் பக்கம் எட்டாது என்று ஆபீஸில் சொன்னார்கள். காது மந்தமானவர்கள் பேசும்போது குரல் எவ்வளவு உயரும் என்பது ஆபீஸுக்குத் தெரியாது. கடைசியாக ஒரு புருஷன். காதில் சீழ் வடிகிறவளை எவன் கட்டுவான் என்று கூலிக்காரர் குடியிருந்த லைன் முழுக்கக் கேட்டது. தேவர்சோலைக்காரர், லாரி டிரைவர், வாய் ஓயாதவர் ஒருவரை அவளே பார்த்துப் பிடித்தாள். அவருக்கு அரைக் காது போதும் என்பது அவள் கணக்கு.

இத்தனைக்கும் குறுக்கே நின்றவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் சங்கடம். எல்லோரும் அவளுக்கு நல்லது செய்துகொண்டேதான் இருந்தார்கள்.

குந்தாப் பக்கம் மழையும் குளிரும் அதிகம். கம்பளிக் கொங்காடையைத் தலையில் போட்டுக்கொண்டு, நெற்றியில் கூடைக் கயிற்றை மாட்டி, விடிந்ததிலிருந்து ஈரத்திலேயே தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களுக்குக் காதில் சீழ் வைப்பது சாதாரணம். பூண்டு எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். வலி போய்விடும், அல்லது காது போய்விடும். மூக்கம்மாவுக்கு இடது காது சின்ன வயதிலிருந்தே வடிந்தது. அவளுடைய அண்ணன் வெள்ளியங்கிரி கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் வேலை பார்த்தான். ஐந்தாவது வரை படித்தவன். தராசு முள் நடுவில் நிற்காமல் எடை சொல்ல மாட்டான். எழுதியதை அடிக்க மாட்டான். தங்கையைப்போல் இரண்டு கையாலும் பறிக்கிற ஆள் அந்த மலையில் கிடையாது என்பதையும் தராசு முள்ளைப்போலவே நம்பினான்.

அந்த எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். முன்பிருந்தவர் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துவிட்டு டென்னிஸ் ஆடப் போவார். இவருக்கு ஆராய்ச்சி ஆசை. லைன் வீடுகளைச் சுற்றிப் பார்த்தவர், இத்தனை காதுகளா என்று மலைத்துப் போனார். தங்கம் கிடைத்தவன்கூட அப்படி மலர்ந்திருக்க மாட்டான். அந்த வாரமே அவருக்குக் 'காது துரை' என்று பெயர் வந்துவிட்டது.

அவருடைய சோதனை சுலபமானது. மேல் லைன்காரர்களின் காதில் கண்ணாடிக் குழாய் வைத்து ஒரு மஞ்சள் பொடியை ஊதுவார். கீழ் லைன்காரர்களுக்கு வெறும் பஞ்சால் துடைப்பு. புதன்கிழமைதோறும் பார்த்து, எந்தக் காது எப்படி இருக்கிறது என்று புஸ்தகத்தில் எழுதுவார். முடிவில் பொடி ஜெயித்ததா, பஞ்சு ஜெயித்ததா என்று தெரிந்துவிடும். வருகிறவர்களுக்கு அரைநாள் கூலியோடு லீவு. ஒப்புதலுக்குக் கட்டை விரல் ரேகை.

முதல் புதன்கிழமை மூக்கம்மாவே போனாள். காம்பவுண்டர் ஹபீப் முகமது பெயரைக் கேட்டு எழுதினார்.

"பேரு?"

"மூக்கம்மாளுங்க, சாயபு."

"சீக்கு காதுல, பேரு மூக்கம்மாவா? இனி தொண்டையம்மான்னு ஒருத்தி வந்துட்டா தொரை ஊருக்குப் போயிடலாம், எல்லாப் படிப்பும் முடிஞ்சுடும்."

"ஏனுங் சாயபு, பேரைச் சிரிக்கறதுக்கும் அரைநாள் லீவு உண்டுங்களா?"

துரை அவள் கொங்காடையை விலக்கிக் காதைப் பிடித்து இழுத்து, நெற்றியில் கட்டிய கண்ணாடியால் வெளிச்சம் அடித்து உள்ளே பார்த்தார். சவ்வில் ஓட்டை, நிறையச் சீழ், நாற்றம் என்று எழுதி, மேல் லைன்காரி என்பதால் பொடியை ஊதினார். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் யாருடைய முகத்தையும் பார்த்ததில்லை. முகத்தில் அவருக்கு வேலை இல்லை.

அடுத்த புதன்கிழமை கொழுந்து நுரைத்துக்கொண்டு வந்தது. மே மாதத்தில் ஒரு நாள் விட்டால் இலை முற்றிவிடும். சங்கிலி மேஸ்திரி மூக்கம்மாவின் முன்னால் வந்து நின்றார்.

"நீ டிஸ்பென்சரிக்குப் போயிட்டீன்னா அந்தச் சரிவை யாரு புள்ள பறிப்பா? நம்ம காளியம்மாளை அனுப்பிடறேன். அவளுக்கு எட்டு மாசம், மேட்டுல ஏற முடியாது. உம்பேர்ல அவ போயிட்டு வரட்டும். அவ பேர்ல நீ பறி."

"காது எனக்கில்லீங்களா மேஸ்திரி வடியுது?"

"தொரைக்கு ஒரு காது வேணும். ஏதோ ஒண்ணு போகுதில்ல?"

இது மேஸ்திரியின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் அவள் பெயரில் நாத்தனார் பறிப்பாள். அவளுக்கு முடியாதபோது இவள் போவாள். ஆபீஸ் தலையைத்தான் எண்ணும். தலை சரியாக இருந்தால் போதும். யாருக்கும் கூலி போகாமல் காப்பாற்றிய வழக்கம் அது. தோட்டத்தில் செல்லுபடியாகும் வழக்கம் டிஸ்பென்சரியில் செல்லாது என்று யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளியங்கிரிக்கும் தோன்றவில்லை. தங்கை பறித்த கொழுந்தைத் தராசு முள் நடுவில் நிற்கும்வரை காத்திருந்து நிறுத்து, காளியம்மாள் பெயரில் அழகான கையெழுத்தில் எழுதினான்.

காளியம்மாளுக்குப் பிறந்ததிலிருந்து காதில் ஒரு குறையும் இல்லை. அவளை உட்கார வைத்துப் பார்த்த காது துரை எழுந்தே நின்றுவிட்டார். ஓட்டை அடைந்துவிட்டது! சீழ் இல்லை! நாற்றம் இல்லை! ஒரே ஒரு ஊதல்! அவர் மறுபடியும் ஊதினார். காளியம்மாள் தும்மினாள்.

"கிச்சுக்கிச்சு மூட்டுதுங்க" என்றாள்.

"குணமாகும்போது அப்படித்தான் இருக்குமாம்" என்றார் ஹபீப் முகமது, துரை சொன்னதாக.

எல்லா லைனிலும் இதே கதைதான். யாருக்கு மேடு ஏற முடியவில்லையோ அவர்கள் காதைக் கொண்டுபோனார்கள். ஒரு கிழவருக்கு வலது காதில் இருந்த சீழ் மறுவாரம் இடது காதுக்கு மாறியது. ஒருவருக்குக் காதில் இருந்த மயிர் எல்லாம் உதிர்ந்து மறுபடியும் முளைத்தது. துரை அசரவில்லை. மலைக் குளிரில் நோய் காதுக்குக் காது தாவும் என்று ஒரு கொள்கையே உண்டாக்கினார். பஞ்சுக்காரர்களுக்கு நடுவிலும் நல்ல காதுகள் வந்தபோது மட்டும் கொஞ்சம் முகம் சுளித்தார். அப்புறம் மேல் லைன் பொடி காற்றில் கீழ் லைனுக்கு இறங்கியிருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்.

ஜூன் மாதம் மழை பிடித்தது. மூக்கம்மாவின் காதுக்குப் பின்னால் எலும்பு வீங்கிச் சிவந்தது. காது மடலே முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது. காய்ச்சலில் உடம்பு கொதித்தது. பறித்த கொழுந்தைக் கூடையில் போடாமல் கீழே போடுகிறாள் என்று மேஸ்திரி வந்து சொன்ன பிறகுதான் விஷயம் பெரிது என்று எல்லோருக்கும் புரிந்தது. லைனில் இதேபோல் வீங்கி, கழுத்து விறைத்து, பிதற்றிச் செத்தவர்கள் உண்டு. வெள்ளியங்கிரி தராசை விட்டுவிட்டு அவளைக் கைத்தாங்கலாக டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனான்.

துரை காதைப் பார்த்தார்.

"இது யார் காது?" என்று தமிழிலேயே கேட்டார். அவருக்கு வந்த தமிழ் காதைத் தாண்டாது.

"மூக்கம்மாளுங்க, தொரை. எந்தங்கச்சி."

துரை புஸ்தகத்தைத் திறந்தார். மூக்கம்மா, மேல் லைன், இடது காது: பூரண குணம். புஸ்தகத்தில் குணமாக இருக்கிறவள் எதிரே காய்ச்சலில் ஆடிக்கொண்டு நிற்க முடியாது. ஆகவே இவள் மூக்கம்மா இல்லை. லீவுக்காக இன்னொருத்தி பெயரைத் திருடிக்கொண்டு வந்தவள். துரைக்கு முகம் சிவந்தது. தம் ஆராய்ச்சியில் ஆள் மாறாட்டமா! இப்படிப்பட்ட மோசடியை அவர் கேள்விப்பட்டதே இல்லையாம். ஹபீப் முகமது மொழிபெயர்த்தபோது தரையைப் பார்த்துக்கொண்டார்.

சங்கிலி மேஸ்திரியைக் கூப்பிட்டார்கள். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும். அன்றாடம் ஆள் கணக்கு எழுதும் செக்ரோலை எடுத்து நீட்டினார்.

"இவ காளியம்மாளுங்க, தொரை. போன மாசத்துலருந்து புதன்கெழமையெல்லாம் காளியம்மாங்கற பேர்லதான் கொழுந்து போட்டிருக்கறா. எடை எழுதினது இந்த வெள்ளியங்கிரிதானுங்க. அவன் எழுதினா தப்பே வராதுங்க."

வெள்ளியங்கிரி தன் அழகான எழுத்தைப் பார்த்தான். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அதற்குள் நிஜக் காளியம்மாளை வயிறும் தானுமாக அழைத்து வந்துவிட்டார்கள். துரை அவள் கொங்காடையை விலக்கிக் காதுக்குள் பார்த்தார். தொலைந்த பிள்ளையைச் சந்தையில் கண்டதுபோல் முகம் மலர்ந்தது.

"இது! நம்ம காது!"

"ஐயோ, இது எங்காதுங்க தொரை! நான் பொறக்கறப்பவே கொண்டாந்தது. நாந்தானுங்க காளியம்மா. அந்தப் புள்ளயப் பாருங்க, உசுருக்குப் போராடுது!"

"என்ன சொல்கிறாள்?" என்று துரை இங்கிலீஷில் கேட்டார்.

ஹபீப் முகமதுவுக்கு வீட்டில் ஆறு வாய். ரொம்ப நன்றி என்கிறாள் என்று மொழிபெயர்த்தார். பிறகு, அதே மூச்சில், "காய்ச்சலில் ஆடுகிற இந்தக் காளியம்மா நம்ம சோதனையில் இல்லாதவள், இங்கே செத்தால் புஸ்தகம் கெடும், ஊட்டிக்கு அனுப்பிவிடலாம்" என்றும் சேர்த்துச் சொன்னார். அன்று அந்த அறையில் நடந்த ஒரே வைத்தியம் அதுதான். காளியம்மாள், கூலி, இடது காதுக்குப் பின் எலும்பு வீக்கம் என்று துரை சீட்டு எழுதினார். மறுநாள் குன்னூரில் தோட்டத் துரைமார் கூட்டத்தில் மஞ்சள் பொடியைப் பற்றி அவர் கட்டுரை வாசிக்க வேண்டியிருந்தது. அதில் முதல் உதாரணம் மூக்கம்மாவின் காது. பலமாகக் கைதட்டினார்களாம்.

அந்தக் கைதட்டலுக்கு முந்தின நாள், தேயிலைப் பெட்டி ஏற்றிய லாரியில், அந்தக் காதின் சொந்தக்காரி அண்ணன் மடியில் தலை வைத்து ஊட்டி போய்ச் சேர்ந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் மெட்டில்டா என்ற நர்ஸ் சீட்டை வாங்கிக்கொண்டாள்.

"காளியம்மா!"

மூக்கம்மா திரும்பவில்லை.

"காளியம்மா! ஏய், காளியம்மா! பாவம், சுத்தமாக் கேக்கல போல."

"கேக்குதுங்கம்மா. அது எம்பேரில்லீங்க."

விடிந்ததும் ஆப்பரேஷன் என்று சர்ஜன் சொல்லிவிட்டார். காதுக்குப் பின்னால் எலும்பை வெட்டிச் சீழை எடுக்க வேண்டும். ஒரு நாள் தள்ளினாலும் மூளைக்குப் போய்விடும். எடுத்தாலும் பிழைப்பது நிச்சயமில்லை. காலையில் மை டப்பாவும் ஒப்புதல் காகிதமும் வந்தன. காகிதத்தில் காளியம்மாள் என்று இருந்தது. மூக்கம்மா கட்டை விரலை உள்ளே மடக்கி இறுக்கிக்கொண்டாள்.

"வெய்யி புள்ள ரேகையை!" என்று வெள்ளியங்கிரி கெஞ்சினான். "உசுரு போற நேரத்துல பேரு எதுவா இருந்தா என்ன?"

"நான் இப்பச் செத்துட்டா யாருண்ணா செத்தது? காளியம்மா. நாளைக்குப் புள்ளயப் பெத்துட்டு அவ கூலிக்குப் போனா, நீதான் செத்துட்டியேம்பாங்க. நானு? தொரை புஸ்தகத்துல ஜம்முனு காது கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன். இன்னும் எத்தனை பேர் காதுல அந்தப் பொடிய ஊதுவாங்களோ, மூக்கம்மாளுக்கு ஆயிருச்சுன்னு சொல்லி!"

"சரி, பேரை மாத்தச் சொல்றேன். ரேகையை வெய்யி."

"ரேகை யாருதுன்னு யாருண்ணா பாத்தாங்க? மேஸ்திரி எங்கையப் புடிச்சு எத்தனை பேருக்கு வெச்சிருக்காரு!"

"அப்ப நான் போடறேன் கையெழுத்து. அஞ்சாவது படிச்சவன் இருக்கறப்ப என்ன?"

"நீங்க போட்டா அது வெள்ளியங்கிரி போட்டதாத்தான் இருக்கும். அம்மா, எம்பேரை எழுதிக் காட்டுங்க. நானே போடறேன்."

சர்ஜன் கையைக் கழுவிக்கொண்டு வந்து கதவருகே நின்றார். "எந்தப் பெயரானால் என்ன, எலும்பு ஒன்றுதானே? நேரமாகிறது" என்றார். மெட்டில்டா அவரைப் பார்த்த பார்வையில் அவர் மறுபடியும் கையைக் கழுவப் போய்விட்டார். அவள் காகிதத்தில் இருந்த பெயரை அடித்தாள். கட்டிலுக்குப் பக்கத்து ஜன்னல் கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அதில் விரலால் பெரிதாக எழுதிக் காட்டினாள். மூக்கம்மா அதற்குக் கீழே எழுதினாள். கோணியது. புறங்கையால் துடைத்துவிட்டு, வாயால் ஊதிப் பனியாக்கி மறுபடி எழுதினாள். கண்ணாடி முழுக்க அவள் பெயராகித் தண்ணீராக வழிந்தது. கொழுந்து கிள்ளிப் பழகிய விரல். எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரிந்தது.

பிறகு பேனாவை வாங்கினாள். எழுத்துகள் மலைச் சரிவுபோல மேலேறிப் போயின. கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி, டாக்டர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது. "தேதி போடணும்" என்றாள் மெட்டில்டா. அதை மட்டும் வெள்ளியங்கிரி எழுத அவள் விட்டாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினான்:

1936-ஆம் வருஷம், ஜூன் மாதம் 18-ஆம் தேதி, வியாழக்கிழமை.